கார்பன் ஃபைபர் கிடார்: நாதமும் செட்டப்பும்

மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு



கிடார் என்றால் மரம். இப்படித்தான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் உபயோகிக்கிற கார்பன் ஃபைபரிலும் அகௌஸ்டிக் கிடார் செய்கிறார்கள். அதாவது ஆம்ப்ளிஃபையர் உதவி இல்லாமல், தன் பெட்டியின் அதிர்விலேயே ஒலிக்கிற கிடார். ஹாஸ்டலில் இந்தப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அது பிளாஸ்டிக் சத்தம்ப்பா, மரத்தோட இனிமை வருமா?" என்பது ஒரு கட்சி. "மரமெல்லாம் அந்தக் காலம், கார்பன்தான் ஸ்ட்ராங்கு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. இரண்டு கிடார்களையும் முதலில் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் கேட்பது!

லேபில் சோதனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைத்துக் கொள்கிறோம் அல்லவா? கிடாருக்கும் அதே நியாயம்தான். கம்பி வேறு, கம்பியின் உயரம் வேறு, கழுத்தின் வளைவு வேறு என்று இருக்கும்போது "இது கார்பன் நாதம், அது மர நாதம்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: முதலில் செட்டப், பிறகு ஒப்பீடு, அதற்கும் பிறகே பணம்.

இதை வெறும் ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். சங்கத்தின் மெல்லிசைக் குழுவுக்குக் கிடார் வாங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அது நம் எல்லோருடைய சந்தாப் பணம். இன்னொரு விஷயமும் உண்டு. முதலாண்டில் ஆசையாகக் கிடார் பிடித்து, விரல் கொப்புளித்து, "நமக்கு இதெல்லாம் வராதுடா" என்று சுவரில் மாட்டிவிட்ட நண்பர்கள் நம்மில் எத்தனை பேர்? அப்படி மாட்டியிருந்த கிடார்கள் சிலவற்றை நான் எடுத்து அளந்து பார்த்தேன். கம்பிகள் பலகையிலிருந்து எட்டாத உயரத்தில் நின்றன. கை வராதது அவர்கள் குற்றமில்லை. ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் கொண்டு சரிசெய்யக்கூடிய குறை அது.

மரத்தில் என்ன கஷ்டம்?

கிடாரின் மேல்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற மரத்தை உபயோகிக்கிறார்கள். லேசானது, நார் ஓடும் திசையில் நல்ல விறைப்பு உள்ளது. ஆனால் மரம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், திரும்ப விடும். குடித்தால் நாருக்குக் குறுக்கே வீங்கும், விட்டால் சுருங்கும். மரக் கிடாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். நம் கடலோர ஊர்களில் பல மாதங்கள் 70 சதவீதத்துக்கு மேல்தான். ஈரம் ஏறினால் மேல்பலகை மேல்நோக்கி உப்பும், பிரிட்ஜ் உயரும், அதனுடன் கம்பியும் உயரும். வறண்ட இடத்துக்குப் போனால் பலகை தாழும்; சில சமயம் வெடிப்பும் விடும்.

இதோடு கம்பிகளின் இழுவிசையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சாதாரண லைட் செட் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 74 கிலோ விசையில் இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குவது போல!

முதல் கம்பியை மட்டும் நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விட்டம் 0.305 மி.மீ. எஃகு. ஒரு மீட்டர் நீளத்தின் நிறை 0.573 கிராம். அதிரும் நீளம் 648 மி.மீ. அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். இழுவிசை என்பது 4, ஒரு மீட்டரின் நிறை, நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம் ஆகிய நான்கின் பெருக்கல். விடை சுமார் 105 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10.7 கிலோ. இவ்வளவு மெல்லிய கம்பிக்கு இத்தனை பாரம்!

யார் செய்தார்கள்?

இந்தக் கதை ஹெலிகாப்டர் கம்பெனி ஒன்றில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் காமன் என்ற பொறியாளர் 1945-ல் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கினார். அவரே கிடார் வாசிப்பவர். 1966-ல் ஓவேஷன் என்ற பெயரில் கிடார்கள் வெளிவந்தன. பின்பக்கம் மரமில்லை, கண்ணாடி இழை சேர்த்து வார்த்த, கிண்ணம் போன்ற வடிவம். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்கப் படித்த படிப்பு, கிடாரில் அதிர்வை வளர்க்க உதவியது. 1976-ல் அடமாஸ் என்ற மாடல் வந்தது. அதன் மேல்பலகையில் பிர்ச் மரத்தின் மெல்லிய தகடு நடுவில், அதன் இருபுறமும் கார்பன் ஃபைபர். நடுவில் ஒரே வட்டத் துளைக்குப் பதிலாக மேல் ஓரங்களில் பல சிறு துளைகள்.

அடுத்த கட்டம் முழுவதும் கார்பன். ஹவாய்த் தீவுகளில் ஈரமும் வெயிலும் மர வாத்தியங்களைப் பாழாக்குவதைப் பார்த்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் ரெயின்சாங் கிடார்களை உருவாக்கினார். அவை 1990-களில் சந்தைக்கு வந்தன. அயர்லாந்தின் டொனிகல் பகுதியில் அலிஸ்டர் ஹே 1998-ல் எமரால்ட் கிடார்களைத் தொடங்கினார். அமெரிக்காவின் லூயிசியானாவில் காம்போசிட் அகௌஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் முழுக் கார்பன் கிடார்கள் செய்துவந்தது. 2010-ல் அதைப் பீவி நிறுவனம் வாங்கிக் கொண்டது. கார்பன் பெட்டியும் மரக் கழுத்தும் சேர்ந்த க்ளோஸ் கிடார்கள் 2015-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்தன. பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவில் செல்லோ வாசித்த லூயிஸ் லெகுயா கார்பனில் செல்லோவே செய்து காட்டினார். ஆகவே இது விளையாட்டுச் சாமான் இல்லை. தேர்ந்த வித்வான்கள் மேடையில் வாசிக்கிற பொருள்.

எந்தக் கார்பன்?

"கார்பன் ஃபைபர்" என்று கடையில் எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை பிரித்துக் கொள்ளலாம்.

ஒன்று, நீளமான இழைகளைத் துணியாக நெய்தோ ஒரே திசையில் அடுக்கியோ, எபாக்சி ரெசின் சேர்த்து, அச்சில் அழுத்தி வேகவைத்துச் செய்வது. ஒவ்வொரு இழையும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன்தான். இழை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் பலம். ஆகவே எந்த இடத்தில் எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்பதைச் செய்பவரே தீர்மானிக்கிறார். மரத்தில் அதைக் கடவுள் தீர்மானித்துவிட்டார்!

இரண்டு, முன்பு சொன்ன மாதிரி கார்பன் பெட்டியும் மரக் கழுத்தும் சேர்ந்த கலப்பு வகை.

மூன்று, பிளாஸ்டிக்கில் துண்டு துண்டான கார்பன் இழைகளைக் கலந்து, பக்கெட் வார்ப்பது போல அச்சில் செலுத்தி வார்ப்பது. விலை குறைவு, தண்ணீர்ப் பயமும் இல்லை. ஆனால் நீள இழைகளின் விறைப்பு இதற்குக் கிடையாது. மூன்றாவது வகையைக் கேட்டுவிட்டு முதல் வகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கணக்கு என்ன சொல்கிறது?

"கார்பன் மரத்தைவிடப் பல மடங்கு விறைப்பு, அதனால் சத்தமும் பல மடங்கு" என்று ஒரு வாதம் கேட்டிருக்கிறேன். நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம்.

ஸ்ப்ரூஸ்: அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 420 கி.கி. நார்த் திசையில் யங் குணகம் சுமார் 11 ஜிகா பாஸ்கல். குறுக்கே 1-க்கும் குறைவு.

ஒரே திசையில் அடுக்கிய கார்பன்–எபாக்சி: அடர்த்தி சுமார் 1600. இழைத் திசையில் குணகம் சுமார் 135.

நெய்த கார்பன் துணி–எபாக்சி: அடர்த்தி ஏறக்குறைய அதே. நெடுக்கும் குறுக்கும் தலா சுமார் 60.

குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அந்தப் பொருளுக்குள் ஒலி ஓடும் வேகம் கிடைக்கும். ஸ்ப்ரூஸில் வினாடிக்குச் சுமார் 5,100 மீட்டர். ஒரே திசைக் கார்பனில் சுமார் 9,200 மீட்டர். கார்பன் ஜெயித்துவிட்டது போலத் தோன்றுகிறது, இல்லையா? அவசரப்பட வேண்டாம்.

பலகை காற்றைத் தள்ளினால்தான் நமக்குச் சத்தம் கேட்கும். கனமான பலகையைக் கம்பியால் அசைப்பது கஷ்டம். அதனால் வாத்தியங்களுக்கான பொருள்களை ஒப்பிடும்போது ஒலி வேகத்தை மறுபடி ஒருமுறை அடர்த்தியால் வகுத்துப் பார்ப்பார்கள். ஸ்ப்ரூஸுக்கு 12 சொச்சம் வருகிறது. கார்பனுக்கு 6-ஐக்கூட எட்டவில்லை. இந்தப் பரீட்சையில் மரத்துக்கே முதல் மார்க்.

இன்னொரு கணக்கு. பலகையின் வளைவு விறைப்பு குணகத்தையும் தடிமனின் கனத்தையும் பொறுத்தது. 2.8 மி.மீ. ஸ்ப்ரூஸ் பலகைக்கு நார்த் திசையில் சமமான விறைப்பு வேண்டுமானால் நெய்த கார்பன் 1.6 மி.மீ. போதும். மெலிந்துவிட்டது, சரி. எடை? ஸ்ப்ரூஸ் சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. கார்பன் சுமார் 2.5 கிலோ. ஏறத்தாழ இரு மடங்கு!

அப்படியானால் கார்பன் கிடார் எப்படி நன்றாக ஒலிக்கிறது? இங்கேதான் டிசைன் வருகிறது. ஸ்ப்ரூஸ் குறுக்குத் திசையில் மிகவும் பலவீனமானது. அதைத் தாங்க உள்ளே பெருக்கல் குறி வடிவில் மரச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். அந்தச் சட்டங்களின் எடையும் பலகையோடு சேருகிறது. நெய்த கார்பனுக்கு இரு திசையும் சமம் என்பதால் சட்டங்களைக் குறைக்கலாம், அல்லது அடியோடு விட்டுவிடலாம். ரெயின்சாங்கின் மேல்பலகை அப்படிச் சட்டம் இல்லாமலே செய்யப்பட்டது. இன்னொரு வழி அடமாஸில் பார்த்தோமே, அதுதான்: நடுவில் லேசான பொருள், இருபுறமும் கார்பன். ஐ வடிவ இரும்பு உத்தரத்தின் தத்துவமே இதுவும். சிவில் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆக, பொருள் மட்டும் நாதத்தைத் தருவதில்லை. பொருளின் குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்பதே நாதத்தைத் தருகிறது.

செட்டப்: ஐந்து படிகள்

வெளிநாட்டில் வேலை செய்யும் என் மாமா விடுமுறையில் வந்தபோது முழுக் கார்பன் கிடார் ஒன்றை மூன்று வாரம் என்னிடம் விட்டுப் போனார். என்னிடம் மரக் கிடார் உண்டு. இரண்டுக்கும் கீழ்க்கண்ட ஐந்து படிகளையும் வரிசை மாறாமல் செய்தேன். வரிசை முக்கியம், முன்படி மாறினால் பின்படியின் அளவும் மாறிவிடும்.

படி 1: கம்பி. இரண்டுக்கும் ஒரே வகை, ஒரே தடிமன், ஒரே நாளில் மாட்டிய புதுக் கம்பி. நான் போட்டது பாஸ்பர் பிரான்ஸ் லைட் செட். சரியான சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விட்டுவைத்தேன்.

படி 2: கழுத்து வளைவு. கம்பி அதிர இடம் வேண்டும் என்பதால் கழுத்து முன்பக்கம் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, கழுத்து பெட்டியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் அதே கேஜ்தான். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை சரி. என் மரக் கிடாரில் 0.45 இருந்தது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கி 0.2-க்குக் கொண்டுவந்தேன். கார்பன் கிடாரில் 0.15. அதில் ட்ரஸ் ராடே கிடையாது. கார்பன் கிடார்களில் சிலவற்றில் ராடு உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாததில் அச்சில் வந்த வளைவே வளைவு. மழையானாலும் வெயிலானாலும் அது நகராது என்பது லாபம். தவறாக வார்த்திருந்தால் திருத்த வழியில்லை என்பது நஷ்டம். எனவே வாங்குமுன் இந்த ஒரு அளவைப் பார்த்தே தீர வேண்டும்.

படி 3: நட். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை இது. 2-க்கும் 3-க்கும் இடையே கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு காகிதம் நுழையும் சந்து இருந்தால் போதும். அதிகம் இருந்தால் ஆரம்ப மாணவனுக்கு எஃப் கார்டு ஜென்மத்துக்கும் வராது.

படி 4: கம்பி உயரம். 12-வது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளக்க வேண்டும். 6-வது கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. என்பது நல்ல நடுத்தர அளவு. 12-வது ஃப்ரெட் சரிபாதி நீளத்தில் இருப்பதால் அங்கே எவ்வளவு குறைய வேண்டுமோ அதன் இரு மடங்கை சேடிலில் குறைக்க வேண்டும். சேடில் என்பது பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் வெள்ளைப் பட்டை. கார்பன் கிடாரில் 6-வது கம்பி 3.0 இருந்தது. 0.6 குறைய வேண்டும், சேடிலில் 1.2 மி.மீ. இரவல் பொருளைத் தேய்க்க மனம் வரவில்லை. புதிதாக எலும்புப் பட்டை வாங்கி, பழையதை மாதிரி வைத்து, 1.2 குறைவாகச் செய்து போட்டேன். பழைய சேடில் காகிதத்தில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டது. தேய்ப்பது எப்போதும் அடிப்பக்கம்தான். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் நேராகத் தேய்க்க வேண்டும். கோணல் வந்தால் சேடில் முழுதாக உட்காராது, நாதம் செத்துவிடும்.

படி 5: சுருதிச் சுத்தம். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் ஹார்மானிக் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுருதி காட்ட வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலில் கம்பி தொடும் முனையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வீணையில் மெழுகில் மெட்டுப் பதிப்பவர் காதால் செய்கிற அதே வேலைதான் இது. வித்தியாசம், கிடாரில் ஃப்ரெட்டை நகர்த்த முடியாது, சேடிலில்தான் சரிக்கட்ட முடியும்.

காதால் கேட்டது

செட்டப் முடிந்தபின் நண்பர்கள் மூவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, ஒரே பிக், ஒரே இடம், ஒரே பாட்டு என்று மாற்றி மாற்றி வாசித்தேன். அவர்கள் சொன்னதும் நான் கேட்டதும் இவை.

வாசிக்கும் சுகத்தில் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முதல் நாள் "கார்பன் கை வலிக்குதுடா" என்ற நண்பனே பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வலித்தது கார்பனால் அல்ல, 3.0 மி.மீட்டரால்.

நிலைத்து நின்ற வித்தியாசங்கள் இரண்டு. முதலாவது, நீட்சி. கார்பனில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டால் அது நெடுநேரம் நிற்கிறது. கார்பன்–எபாக்சியின் உள் உராய்வு மரத்தைவிடக் குறைவு. அதிர்வு வெப்பமாக வீணாவது குறைகிறது. மெதுவான தனி ஸ்வரங்களுக்கு இது அழகு. வேகமாகக் கார்டு மாற்றித் தட்டும் தாளப் பாட்டுக்கு, முந்தின கார்டு அடங்குமுன் அடுத்தது வந்து மோதுகிறது. உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிக்கப் பழக வேண்டும். மரம் சீக்கிரம் அடங்குவதால் தாளம் தெளிவாக விழுகிறது.

இரண்டாவது, பளபளப்பு. மரம் உச்ச அதிர்வெண்களைத் தானே கொஞ்சம் விழுங்கிவிடும். கார்பன் அவ்வளவு விழுங்காது. அதனால் கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கம் வருகிறது. பிடித்தவர் "தெளிவு" என்றார், பிடிக்காதவர் "குளிர்ச்சி" என்றார். இதை ஓரளவு மாற்றவும் முடியும். தடித்த பிக் எடுத்து, பிரிட்ஜை விட்டுத் துளைப் பக்கம் வந்து வாசித்தால் மினுக்கம் தணியும். பளிச்சென்று ஒலிக்கும் 80/20 பிரான்ஸ் கம்பியைவிடப் பாஸ்பர் பிரான்ஸ் இதற்குப் பொருத்தம்.

பாஸ் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காரணம், என் மரக் கிடார் பெரிய டிரெட்நாட் வடிவம். கார்பன் கிடார் அதைவிடச் சிறியது. பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகே தனியாக ஒத்ததிர்வு கொள்கிறது. பாட்டில் வாயில் ஊதினால் வரும் சத்தம் மாதிரி. அது பெரும்பாலும் பெட்டியின் கொள்ளளவையும் துளையின் அளவையும் பொறுத்தது. அந்த வித்தியாசத்தைக் கார்பன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சுருதி நகரவே நகராதா?

"கார்பன் கிடார் சுருதி மாறாது" என்று விளம்பரம் செய்வார்கள். பாதி உண்மை. ஈரத்தால் மாறாது. வெப்பத்தால்?

கம்பி எஃகு. ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும். கார்பன் இழைத் திசையில் ஏறக்குறைய நீளவே நீளாது. மேடை விளக்குச் சூட்டில் கிடாரும் கம்பியும் 10 டிகிரி ஏறினால், கம்பி பத்தாயிரத்தில் 1.2 பங்கு தளர்கிறது. நம் முதல் கம்பி 105 நியூட்டனில் இழுபட்டு நிற்கும்போது அதன் நீட்சி பத்தாயிரத்தில் சுமார் 72 பங்கு. ஆக இழுவிசை சுமார் 1.7 சதவீதம் குறைகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அது சுமார் 0.84 சதவீதம் இறங்கும். அரை ஸ்வர இடைவெளி என்பது சுமார் 5.9 சதவீதம். எனவே அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு இறக்கம். நல்ல காதுக்கு இது தெரியும். மரம் நார்த் திசையில் கொஞ்சம் நீள்வதால் வெப்பத்தில் மட்டும் பார்த்தால் மரக் கிடார் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இறங்கும்! ஆனால் மரத்துக்கு ஈரத்தின் தொல்லை தனியாகச் சேரும். ஆகவே எந்தக் கிடாரானாலும் மேடை ஏறியதும் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

கார்பன் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. துளை போடுவதோ தேய்ப்பதோ செய்தால் முகமூடி அவசியம். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கார்பன் மின்சாரம் கடத்தும். உள்ளே பிக்கப் வைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ஒயர் மூட்டுகளை இன்சுலேஷன் சுற்றாமல் விடக் கூடாது.

கார்பன் வெயிலுக்கு அஞ்சாவிட்டாலும் ரெசினும் பசையும் அஞ்சும். பூட்டிய காருக்குள் மதிய வெயிலில் எந்தக் கிடாரையும் விட வேண்டாம்.

கழுத்தும் பெட்டியும் ஒரே வார்ப்பாக உள்ள கிடாரில் கழுத்துச் சாய்வை மாற்ற முடியாது. உயரத்தைக் குறைக்க சேடில் ஒன்றே வழி. சேடில் ஏற்கனவே பிரிட்ஜோடு ஒட்டித் தாழ்ந்திருந்தும் கம்பி உயரமாக நின்றால், அந்தக் கிடாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எதை வாங்குவது?

பஸ்ஸிலும் ரயிலிலும் போய், மழையிலும் திறந்தவெளி மேடையிலும் பல கை மாறி வாசிக்கிற குழுவுக்குக் கார்பன் நல்ல பொருள். ஆனால் நீள இழையில் செய்த இறக்குமதிக் கிடாரின் விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை வரை போகும். அதை மறக்கக் கூடாது. ஒரே ஆள், ஒரே அறை, நல்ல பெட்டி, ஈரம் பார்த்துக் கொள்ளும் பொறுமை இருந்தால், அதே நாதத் தரத்தை மரத்தில் பாதிக்கும் குறைவான பணத்தில் பெறலாம். இடையில் உள்ள வார்ப்புக் கிடார்கள் பழகுவதற்குப் பரவாயில்லை.

எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஃபீலர் கேஜும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலும் இருக்கட்டும். 7-வது ஃப்ரெட்டில் ஒரு அளவு, 12-வது ஃப்ரெட்டில் இரண்டு அளவு, சேடில் எவ்வளவு மீதி என்று ஒரு பார்வை. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த அளவுகளைக் குறித்துக் கொண்ட பிறகுதான் "நாதம் எப்படி?" என்ற கேள்விக்கே போக வேண்டும்.

கிடாரைச் சுவரில் மாட்டிவிட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கிக் கொண்டு வாருங்கள். தூசி தட்டி முதலில் அளப்போம். அளவு சரியாக இருந்தும் கை வரவில்லை என்றால் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.